பிரமிடு என்றால் கீசா மட்டும்தானா?

பிரமிடு என்றதும் எல்லோருக்கும் கீசாதான் நினைவுக்கு வரும், ஆனால் எண்ணிக்கையில் எகிப்தை மிஞ்சுவது பக்கத்து நாடான சூடான்; அங்கே மெரோயியில் ஒல்லியாக, செங்குத்தாக நிற்கும் குஷ் என்ற பண்டைய நாட்டு அரசர்களின் பிரமிடுகளைப் படத்திலாவது பாருங்கள். எகிப்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது கீசா அல்ல, தாஷூரில் இருக்கும் வளைந்த பிரமிடு. சுமார் 54 பாகையில் ஏறிக்கொண்டே போய், கிட்டத்தட்ட பாதி உயரத்தில் சட்டென்று 43 பாகைக்குச் சாய்கிறது. கட்டும்போதே விரிசல் கண்டதால் சரிவைக் குறைத்திருக்கிறார்கள் என்பதுதான் பலரின் கருத்து.

அப்புறம் விளக்கப் படங்களாக வரையப்படும் பிரமிடுகள். அமெரிக்க வேளாண் துறை 1992இல் வெளியிட்ட, எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று காட்டும் உணவுப் பிரமிடு 2011இல் தட்டுப் படமாக மாறியது. உளவியலாளர் மாஸ்லோவின் மனிதத் தேவைகள் பிரமிடும் பிரபலம், ஆனால் அவருடைய 1943 கட்டுரையில் அந்த முக்கோணமே கிடையாது, பின்னால் வந்தவர்கள் வரைந்தது.

இதில் ஆபத்தானது பிரமிடு மோசடி. விற்கப் பொருள் பெயருக்குத்தான் இருக்கும், வருமானமெல்லாம் புதிதாகச் சேருபவர் கட்டும் பணம். ஒருவர் ஆறு பேரைச் சேர்க்க வேண்டும், அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேர் என்று போட்டுப் பாருங்கள், 13ஆவது அடுக்கில் 1,306 கோடிப் பேர் வேண்டும், உலகத்திலேயே அவ்வளவு பேர் இல்லை. கடைசி அடுக்கில் இருப்பவர்கள்தான் எப்போதும் பெரும்பான்மை, பணத்தை இழப்பதும் அவர்கள்தான். யாராவது "ஆள் சேர்த்தால் போதும்" என்று சொன்னால் தயவுசெய்து அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.