தலைக்குள் விரிந்த நுண்வலை

மூளை இரத்தக் குழாயில் பலூன் போலப் புடைத்திருந்த வீக்கத்திற்காக ஸ்டென்ட் எனும் நுண்வலைக் குழாயைப் பொருத்திக்கொண்டு இன்றோடு ஆறு மாதங்கள் ஆகின்றன. மண்டையைத் திறந்தார்களா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை, தொடையிடுக்குத் தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, வீக்கத்திற்குள் இரத்தம் பாய்வதைக் குறைக்கும் நுண்வலையை விரித்தார்கள். மயக்கம் தெளிந்ததும் செவிலியர் தம் விரல்களை அழுத்தச் சொல்லி, என் பெயரைக் கேட்டார். பதில் சொல்ல முடிந்தபோது கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிந்தைய மாதங்களே எனக்குக் கடினமாக இருந்தன. தலைவலியும் சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தன. இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்து உட்கொள்வதால், மேசை முனையில் லேசாக இடித்த இடம்கூடக் கருநீலமாகக் கன்றிப்போகிறது, பல் துலக்கினால் ஈறு கசிகிறது. ஆனாலும் மருத்துவரைக் கேளாமல் இம்மாத்திரைகளை ஒரு நாள்கூட நிறுத்திவிடாதீர்கள். வலையின் மீது புதிய உட்படலம் படரும் வரை, அதில் இரத்தம் உறைந்து பக்கவாதம் வரும் அபாயம் உண்டு. பல் பிடுங்கப் போனாலும் இதை முதலில் சொல்லிவிடுங்கள்.

வீக்கம் உடனே மறைவதில்லை, அடைபடப் பல மாதங்கள் ஆகலாம். அது அடைபட்டதா என்று பார்க்க, அடுத்த வாரம் எனக்கு ஆஞ்சியோகிராம் எனும் இரத்தக் குழாய்ப் படம் எடுக்கிறார்கள். இதே சிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள் தயங்காமல் உள்பெட்டியில் எழுதுங்கள், நிச்சயம் பதிலளிப்பேன்.