சுற்றிப் போனால் சீக்கிரம்

தனி ஜெட் விமானங்களுக்கு ரூட் போடுவது என் வேலை என்று தெரிந்தவுடன், "சொந்த விமானம்தானே, நினைத்த நேரத்தில் கிளம்ப வேண்டியதுதானே?" என்று கேட்காத ஆள் இல்லை. வானத்தில் அப்படி ஒரு சலுகை கிடையாது. ஐரோப்பாவில் வான்வழி நெரிசலைச் சமாளிக்கும் அமைப்பான யூரோகண்ட்ரோல் ஸ்லாட், அதாவது மேலே எழும்ப ஒரு நேரம், கொடுத்துவிட்டால், முந்நூறு பேர் போகும் விமானத்துக்கும் நான்கு பேர் போகும் ஜெட்டுக்கும் விதி ஒன்றுதான். குறித்த நேரத்துக்கு 5 நிமிடம் முன்பிலிருந்து 10 நிமிடம் பின்புவரை, அதற்குள் மேலே எழும்பியாக வேண்டும்.

பல நாட்களில் இப்படிக் காக்க வைக்கும் நெரிசல் வழி முழுக்க இருக்காது. ஏதோ ஒரு செக்டரில், அதாவது கட்டுப்பாட்டாளர்கள் பிரித்துக் கவனிக்கும் வான்பகுதி ஒன்றில், இடிமேகம், அல்லது கட்டுப்பாட்டாளர்கள் பற்றாக்குறை. அதைத் தொடாமல் போக முடிந்தால் காத்திருப்பே இல்லாமல் போகலாம். இருபது நிமிடம் சுற்றிப் பறந்து ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிக்கிற கணக்கு.

பக்கவாட்டில் விலகுவதைவிட உயரத்தில் விலகுவது எனக்குப் பிடிக்கும். பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் 41,000 அடிக்குக் கீழேயே பறக்கின்றன. கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி650 மாதிரியான ஜெட் 51,000 அடிவரை ஏறும். ஆனால் டேங்க் நிறைய எரிபொருளோடு கிளம்பினால் அவ்வளவு உயரத்துக்கு உடனே ஏறாது. நெரிசலுக்குக் கீழே நுழைந்து போகலாம்தான், அப்போது எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும்.

உண்மையான தலைவலி பெர்மிட். சுற்றுவழி இன்னொரு நாட்டின் மேல் போனால் அந்த நாட்டின் அனுமதி தேவைப்படலாம். சில இடங்களில் சில மணி நேரத்தில் வந்துவிடும், சில இடங்களில் வேலை நாட்களாக எண்ண வேண்டும். வார விடுமுறையும் நாட்டுக்கு நாடு வேறு. 2022 பிப்ரவரியில் உக்ரைன் வான்வெளி மூடப்பட்டது. ரஷ்யாவின் மேல் பறப்பதும் மேற்கத்திய நிறுவனங்கள் பலவற்றுக்கு இல்லை என்றானது. ஐரோப்பா–ஆசியா போக்குவரத்தில் பெரும்பகுதி தெற்கே ஒதுங்கியது. அதனால் அந்தப் பக்கம் என்றால் இரண்டாவது வழிக்கும் பெர்மிட்டை முன்கூட்டியே வாங்கிவிடுகிறேன். பயன்படுத்தாத பெர்மிட்டுக்கு ஏன் செலவு என்று கணக்குப் பிரிவு முனகும். முனகட்டும்.

பயணியிடம் நான் கேட்பது எப்போது கிளம்ப வேண்டும் என்று அல்ல, எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்று. பல நேரங்களில் ரூட்டில் கைவைக்கவே வேண்டாம், சற்று முன்னதாகக் கிளம்பினாலே போதும். ஆனால் அப்படி நகர்த்தினால் வரம்புக்கு உட்பட்ட விமானிகளின் டியூட்டி நேரமும் முன்னதாகவே ஓடத் தொடங்கும். திரும்பி வரும் பயணமும் அதே நாளில் இருந்தால் அங்கேதான் இடிக்கும். அதனால் கேப்டனிடம் கேட்காமல் யாருக்கும் சரி சொல்வதில்லை.