வார்டு நாட்கள்

பிப்ரவரி 5

பெண்கள் மெடிக்கல் வார்டில் இன்று பயிற்சிப் போஸ்டிங் ஆரம்பம். பி.எஸ்ஸி. நர்சிங் நான்காம் வருடம் வந்த பிறகும் காலையிலிருந்து வயிற்றில் புளியைக் கரைத்தது. இரண்டாம் வருடம் வேறொரு ஆஸ்பத்திரியில் நடந்தது மனசை விட்டுப் போகவில்லை. கை நடுங்கியதற்கு, "உனக்கெல்லாம் எதுக்கு நர்சிங்?" என்று பேஷண்ட் முன்னாலேயே கேட்டார் ஒரு ஸ்டாஃப் நர்ஸ். அப்புறம் அந்தப் போஸ்டிங் முழுக்க, ஊசி என்றாலே நான் ஸ்டோர் ரூமுக்குள் இருப்பேன்.

இங்கே இன்சார்ஜ் சிஸ்டர் முதலில் கேட்டது, "சாப்பிட்டியாம்மா?" அடுத்தது, "எதுக்குப் பயப்படுவ?" வென்ஃப்ளான் என்றேன், டிரிப் ஏற்ற ரத்தக் குழாயில் போடும் ஊசிக்குழாய். "சரி, அதுலயே ஆரம்பிப்போம்."

பிப்ரவரி 8

எழுபது தாண்டிய பாட்டி. காகிதம் மாதிரித் தோல். இரண்டு முறை குத்தியும் வெயின் (ஊசி போடும் ரத்தக் குழாய்) கிடைக்கவில்லை. "ரெண்டு தடவைதான். மூணாவது வேற ஆள்" என்று சிஸ்டர் வாங்கிக்கொண்டார். ஆனால் என்னை அனுப்பிவிடவில்லை. பாட்டியிடம் கேட்டுவிட்டு, என் ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்த முழங்கையில் வைத்தார்.

"கண்ணால தேடாத, விரலால தேடு. அமுக்கி விட்டா மெத்துன்னு எழும்பி வருதா? அது வெயின். எழும்பாம கயிறு மாதிரி இருந்தா வெயின்னு நெனச்சுக் குத்திடாத, அது தசைநார். துடிச்சா அது தமனி, கிட்டயே போகாத."

மெத்தென்று எழும்பியது. அந்த இடத்திலேயே நீல நிற 22 சைஸ் ஊசியைப் போட்டார். பாட்டி என்னைத்தான் தட்டிக்கொடுத்தார்: "பரவால்ல கண்ணு, அடுத்த தடவ கெடைக்கும்."

பிப்ரவரி 21

இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது. 19ஆம் படுக்கையில் இதய நோயாளி அம்மா. 500 மில்லி டிரிப், 6 மணி நேரத்தில் போக வேண்டும். எங்கள் டிரிப் செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. நிமிடத்துக்கு 28 சொட்டு வைக்க வேண்டிய இடத்தில், 3 மணி நேரக் கணக்கில் 56 வைத்துவிட்டேன். இருபது நிமிடம் கழித்து எனக்கே உறைத்தது.

பழைய வார்டாக இருந்திருந்தால் சத்தமில்லாமல் ரெகுலேட்டரைக் குறைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன். அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது. இன்று குறைத்த கையோடு நேரே போய்ச் சிஸ்டரிடம் சொன்னேன். பி.பி. பார்த்தார், மூச்சைக் கவனித்தார், டாக்டருக்குச் சொன்னார். 28 மில்லி கூடுதலாகப் போயிருந்தது, ஒன்றும் ஆகவில்லை. நடந்ததை என்னையே எழுதித் தரச் சொன்னார். பிறகு, "வந்து சொன்ன பாரு, அது போதும். இனிமே கணக்குப் போட்டதும் இன்னொருத்தர்கிட்ட காட்டு" என்றார். பாத்ரூமில் போய் அழுதேன்.

மார்ச் 3

அசைன்மெண்டுக்காகப் பாட்ரீசியா பென்னர் படித்தேன். புதியவரிலிருந்து கைதேர்ந்தவர் வரை செவிலியருக்கு ஐந்து படிகள் என்று 1984இல் எழுதியவர். செஸ் ஆடுபவர்களையும் விமானிகளையும் வைத்து டிரைஃபஸ் சகோதரர்கள் உருவாக்கிய மாதிரியைத்தான் நர்சிங்குக்குக் கொண்டுவந்திருக்கிறார். கைதேர்ந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை எப்போதும் வார்த்தையில் சொல்லிவிட முடியாதாம். சிஸ்டர் என் விரலைப் பிடித்து வைத்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

மார்ச் 16

அம்மா மறுபடியும் ஜெர்மனிக்கு நர்சாகப் போகும் பேச்சை எடுத்தார். எனக்கு டியூட்டராக, அதாவது நர்சிங் சொல்லிக்கொடுப்பவளாக வேண்டும். சிஸ்டரிடம் சொன்னேன். "எம்.எஸ்ஸி. சேரவே ஒரு வருஷ அனுபவம் வேணும். அந்த ஒரு வருஷத்தை வார்டுல நின்னு கழி. வார்டு தெரியாத டியூட்டரா ஆகிடாதம்மா" என்றார். வீட்டாரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

மார்ச் 30

கடைசி நாள். நைட் டூட்டிக்கு வந்தவர்களிடம் ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவரை, சிஸ்டர் என்னையே சொல்லச் சொன்னார். 19ஆம் படுக்கையில் இப்போது வேறொரு அம்மா. டிரிப் 28 சொட்டு என்று சொல்லிவிட்டு, அப்படியே நின்று எண்ண ஆரம்பித்தேன். ஒரு நிமிடம் முழுசாக. சிஸ்டரும் தன் வாட்சைப் பார்த்தபடி பக்கத்தில் நின்றார்.