எஸ்ஸுக்கு முன்னாலா, பின்னாலா?

லண்டனில் வெளியாகும் ஒரு மருத்துவ இதழில் கட்டுரை வருகிறது. எழுதியவர் சீனாவிலோ பிரேசிலிலோ இருப்பார். அதன் ஆங்கிலத்தைத் திருத்தி, பக்கம் அமைத்து, அவருக்கு ப்ரூஃப் அனுப்பியவர் சென்னையிலோ புதுச்சேரியிலோ உட்கார்ந்திருப்பார். இந்தத் தொழில் இங்கே வேரூன்றிப் பல காலமாகிறது. ஆனால் நம் வீட்டாருக்குக்கூட நாம் என்ன வேலை செய்கிறோம் என்று புரியவைப்பது கடினம். நான் காப்பி எடிட்டராகச் சேர்ந்து, இப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி தரும் இடத்தில் இருக்கிறேன்.

புதியவர்கள் மருத்துவச் சொற்களைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். அவற்றுக்கு அகராதி இருக்கிறது. மேற்கோள் பட்டியலைப் பார்த்து மலைப்பார்கள், அதற்கு மென்பொருள் இருக்கிறது. எந்த அகராதியையும் புரட்டி முடிவு செய்ய முடியாத ஒன்று, எஸ் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மேலே நிற்கும் அந்தச் சின்னக் குறி (’), உடைமையைக் காட்டும் அபாஸ்ட்ரஃபி. இலக்கணம் முழுக்கத் தெரிந்தவருக்கும் அது பிடிபடாமல் போகலாம். ஏனென்றால், சொல்லப்படுகிறவர் யார், எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் அதை எங்கே வைப்பது என்று சொல்ல முடியும்.

ஒரு குழந்தையின் அரிய நோயைப் பற்றிய கேஸ் ரிப்போர்ட் வந்தது. கடைசியில், ஒப்புதல் பகுதியில், விவரங்களை வெளியிட ‘பேரன்ட்ஸ் கன்சென்ட்’ பெறப்பட்டது என்று ஒரு வரி. குறி எதுவும் இல்லை. பயிற்சியில் இருந்த பெண் எஸ்ஸுக்குப் பின்னால் ஒரு அபாஸ்ட்ரஃபியைப் போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டார்.

“ஏம்மா, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“பேரன்ட்ஸ்னா அப்பா அம்மா ரெண்டு பேரும்தானே மேடம்?”

நியாயமான பதில்தான். ஆனால் கட்டுரையாசிரியர் எஸ்ஸுக்கு முன்னால் போட நினைத்த குறியை விட்டுவிட்டிருக்கவும் இடமுண்டு. அப்படியானால் ஒப்புதல் தந்தது ஒருவர். ‘பேரன்ட்’ஸ்’ என்றால் ஒருவர், ‘பேரன்ட்ஸ்’’ என்றால் இருவர். யார் ஒப்புதல் கொடுத்தார்கள் என்பது இதழின் அறநெறிக் கொள்கையோடு சம்பந்தப்பட்ட விஷயம், நாம் ஊகத்தில் நிரப்பும் இடமில்லை. கட்டுரையாசிரியரிடமே கேட்கும் ஆதர் குவெரி போடச் சொன்னேன். கையெழுத்திட்டவர் தாய் மட்டும்தான் என்று பதில் வந்தது. ‘பேரன்ட்’ என்ற சொல்லையே எடுத்துவிட்டு ‘மதர்’ என்று மாற்றித் தந்திருந்தார். அந்தப் பெண் போட்ட குறி அப்படியே அச்சுக்குப் போயிருந்தால், தகப்பனார் தராத ஒப்புதலைத் தந்ததாக நாங்கள் எழுதியவர்களாகியிருப்போம்.

இதை மிகைப்படுத்திச் சொல்வதாக யாருக்காவது தோன்றினால், ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்வேன். 2020 அக்டோபரில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வீடு, மனை விற்பனை முகவர் ஒருவர், தன் முன்னாள் முதலாளி ஊழியருக்கான ஓய்வூதியத் தொகையைக் கட்டுவதில்லை என்று ஃபேஸ்புக்கில் எழுதினார். ‘எம்ப்ளாயீஸ்’ என்ற சொல்லில் அபாஸ்ட்ரஃபி இல்லை. அவதூறு வழக்கு வந்தது. நான் ஒரே ஒரு ஊழியரை, அதாவது என்னைத்தான் சொன்னேன் என்பது அவர் தரப்பு. குறி இல்லாத அந்தச் சொல்லைப் படிப்பவர் பல ஊழியர்கள் என்றே எடுத்துக்கொள்ள முடியும், ஒருவருக்குத் தராதது வேறு, பலருக்குத் தராதது வேறு என்று கருதி, 2021இல் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்ய மறுத்துவிட்டார். புது பேட்ச் வரும்போதெல்லாம் இந்த வழக்கைத்தான் முதலில் சொல்கிறேன். அதன் பிறகு ‘சின்ன விஷயம்தானே’ என்ற பேச்சு எழுவதில்லை.

நம்மவர்களுக்கு இது ஏன் தடுமாறுகிறது என்றால், இந்தக் குறிக்கு ஒலி கிடையாது. பேஷன்ட்ஸ், பேஷன்ட்’ஸ், பேஷன்ட்ஸ்’ மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஒன்றுபோலவே கேட்கும். தமிழில் நோயாளிகள், நோயாளியின், நோயாளிகளின் என்று மூன்றும் காதிலேயே பிரிந்துவிடும். அதனால் பயிற்சிக்கு வருகிறவர்களிடம், வாக்கியத்தை மனத்துக்குள் தமிழில் சொல்லிப் பார்க்கச் சொல்வேன். ‘கள்’ மட்டும் வந்தால் குறியே வேண்டாம். ‘யின்’ வந்தால் எஸ்ஸுக்கு முன்னால். ‘களின்’ வந்தால் எஸ்ஸுக்குப் பின்னால். நிறையப் பேர் உளறிக்கொட்டும் ‘இட்ஸ்’ விவகாரமும் இதிலேயே தீர்ந்துவிடும். ‘அதன்’ என்று வந்தால் குறி இல்லை. ‘அது’ என்று வந்து வாக்கியம் தொடர்ந்தால் குறி உண்டு. அவனுடையது, அவளுடையது, அவர்களுடையது என்று பொருள்படும் ஹிஸ், ஹெர்ஸ், தெயர்ஸ் எதிலும் குறி இல்லையே, அதன் என்பதற்கு மட்டும் எதற்கு?

ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘இட்ஸ்’ஸில் தடுமாறுகிறவர்களைக் கேலி செய்ய எனக்குப் பிடிக்காது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துக்காரர்களே ‘அதன்’ என்ற பொருளிலும் குறி போட்டுத்தான் எழுதினார்கள். பிரெஞ்சிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த குறி இது. எழுத்து விடுபட்ட இடத்தைக் காட்டவே வந்தது. பழைய ஆங்கிலத்தில் பல பெயர்ச்சொற்களுக்கு உடைமையைக் காட்ட ‘இ’, ‘எஸ்’ என்ற இரண்டு எழுத்தும் சேர்ந்த ஒரு விகுதி இருந்தது. அதிலிருந்த ‘இ’ எழுத்து காலப்போக்கில் உதிர, அந்த இடத்தில் இந்தக் குறி உட்கார்ந்தது. பன்மைக்கு எஸ்ஸுக்குப் பின்னால் போடும் வழக்கம் அதற்கும் பிந்தியது. சொந்தக்காரர்களே இருநூறு ஆண்டு தடுமாறி நிலைக்குக் கொண்டுவந்த விதியை நம் பிள்ளைகள் ஒரு மாதத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அதட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

நான் சொன்ன தமிழ் வழி எல்லா இடத்திலும் கைகொடுக்காது. நாம் நம் பயோடேட்டாவில் எழுதும் ‘ஃபைவ் இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்’ அப்படிப்பட்ட இடம். தமிழில் ‘ஐந்து வருட அனுபவம்’ என்போம், அதில் ‘களின்’ வராது. ஆனால் ஆங்கிலத்தில் எஸ்ஸுக்குப் பின்னால் குறி வேண்டும். ஒரு வருடம் என்றால் எஸ்ஸுக்கு முன்னால். நடுவில் ‘ஆஃப்’ போட்டுவிட்டால் குறியே தேவையில்லை, சந்தேகம் இருப்பவர்களுக்கு அதுவே நல்லது. ஒரு மாத நோட்டீஸ், இரண்டு மாத நோட்டீஸ் என்று வேலையை விடும் கடிதத்தில் எழுதும்போதும் இதே கணக்குத்தான். ‘மாஸ்டர்’ஸ் டிகிரி’க்குக் குறி உண்டு, ‘மாஸ்டர் ஆஃப் சயின்ஸ்’ என்று முழுதாக எழுதினால் எஸ்ஸும் இல்லை, குறியும் இல்லை. வேலைக்கு வரும் விண்ணப்பங்களை நானும் பார்க்கிறேன். எம்எஸ்சியில் பதக்கம் வாங்கிய பிள்ளை, அந்தப் பட்டத்தின் பெயரையே தப்பாக எழுதி, எடிட்டர் வேலைக்கு அனுப்பும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். பள்ளியிலோ கல்லூரியிலோ யாராவது கால் மணி நேரம் ஒதுக்கிச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

மகளிர் தினத்துக்கு லாபியில் கட்டும் பேனரிலும் இது வரும். ‘விமன்’ என்பதே பன்மை, ‘சில்ட்ரன்’ என்பதும் அப்படியே. அவற்றில் எஸ்ஸுக்கு முன்னால்தான் குறி. எஸ்ஸுக்குப் பின்னால் போட்டால் ‘விமன்ஸ்’ என்று ஒரு பன்மை இருப்பதாக ஆகிவிடும்.

மருத்துவக் கட்டுரைகளில் இன்னொரு தலைவலி, மருத்துவர்களின் பெயரால் வழங்கும் நோய்கள். டவுன் என்பது ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய மருத்துவரின் பெயர், 1866இல், பிறவியிலேயே வரும் டவுன் சிண்ட்ரோம் என்ற நிலையை விவரித்து எழுதியவர். ‘டவுன்’ஸ் சிண்ட்ரோம்’ என்றே நெடுங்காலம் எழுதினார்கள். பிரிட்டனில் இன்றும் அப்படி எழுதுவது உண்டு. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் நடைக் கையேடு உடைமைக் குறி வேண்டாம் என்கிறது. அந்த மருத்துவருக்கு அந்த நோய் இருந்ததில்லை, அது அவர் சொத்தும் இல்லை என்பது அவர்கள் வாதம். எனக்கு அந்த வாதம் சரியாகவே படுகிறது. ஆனால் இங்கே என் கருத்துக்கு வேலை இல்லை. அந்தந்த இதழின் ஸ்டைல் ஷீட், அதாவது நடை விதிகளின் பட்டியல், என்ன சொல்கிறதோ அதுதான். காலையில் ஒரு ஃபைலில் எடுத்த குறியை மாலையில் வேறு இதழின் ஃபைலில் போட வேண்டிவரும்.

இதைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் சிலர் எல்லாப் பெயரிலும் குறியைப் பிடுங்க ஆரம்பிப்பார்கள். அப்போதுதான் ‘ஸ்டூடன்ட்’ஸ் டி-டெஸ்ட்’ மாட்டும். புள்ளியியல் பகுதி உள்ள கட்டுரைகளில் அடிக்கடி வரும் பெயர் இது. குறி இல்லாமல் வரும், எஸ்ஸுக்குப் பின்னால் குறியோடு வரும். மாணவர்கள் பயன்படுத்தும் சோதனை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஸ்டூடன்ட் என்பது ஒரே ஒரு மனிதரின் புனைபெயர். வில்லியம் சீலி கோசெட் என்பவர் டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்தவர். பார்லி, ஹாப்ஸ் போன்றவற்றில் சில மாதிரிகளை மட்டும் வைத்துக்கொண்டு முடிவுக்கு வர வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. ஊழியர்கள் தங்கள் பெயரில் ஆய்வு வெளியிட நிறுவனம் அனுமதிக்காததால், 1908இல் பயோமெட்ரிகா இதழில் ஸ்டூடன்ட் என்ற பெயரில் எழுதினார். எஸ்ஸுக்கு முன்னால் நிற்கும் அந்தக் குறியைப் பின்னால் தள்ளினால் கோசெட் மறைந்து ஒரு வகுப்பறையே வந்து உட்கார்ந்துவிடும். இந்தக் கதையைக் கேட்டவர் யாரும் மறுபடி அதைத் தப்பாக விட்டதாக எனக்கு நினைவில்லை.

வேர்டு மென்பொருளோடு நடக்கும் போராட்டம் தனி. ‘தொண்ணூறுகள்’ என்பதைச் சுருக்கி எண்ணில் எழுதும்போது, விடுபட்ட 19க்காக முன்னால் ஓர் அபாஸ்ட்ரஃபி வர வேண்டும். மென்பொருளோ மேற்கோள் ஆரம்பிக்கிறது என்று நினைத்து வளைவை எதிர்ப்பக்கம் திருப்பிவிடும். இரண்டு முறை தட்டி முதல் குறியை அழித்தால் சரியானது நிற்கும். டிஎன்ஏ இழையின் 5′, 3′ முனைகளில் வருவது அபாஸ்ட்ரஃபியே இல்லை, ப்ரைம் என்ற வேறு குறி. யூனிகோடில் வளைந்த அபாஸ்ட்ரஃபியின் எண் 2019, ப்ரைமின் எண் 2032. கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகத் தெரிவதை நம்பி மொத்தமாக ‘ரீப்ளேஸ் ஆல்’ கொடுத்தால் மரபணுக் கட்டுரை முழுக்க நாசமாகிவிடும்.

இங்கிலாந்தில் ஜான் ரிச்சர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பத்திரிகையாளர் 2001இல் இந்தக் குறியைக் காக்க ஒரு சங்கமே தொடங்கினார். அறியாமையும் சோம்பலும் வென்றுவிட்டன என்று சொல்லி 2019இல் அதை மூடினார், அப்போது அவருக்கு வயது 96. பிறகு வேறொருவர் அதை எடுத்து நடத்துகிறார். 2009இல் பர்மிங்காம் நகராட்சி தெருப் பலகைகளில் இந்தக் குறி வேண்டாம் என்றது, 2012இல் வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடை தன் பெயரிலிருந்து அதை எடுத்தது. எனக்கு இதில் பெரிய வருத்தம் இல்லை. லண்டன் சுரங்க ரயிலில் ஏர்ல்’ஸ் கோர்ட் நிலையத்துக்குக் குறி உண்டு, பக்கத்திலுள்ள பேரன்ஸ் கோர்ட்டுக்குக் கிடையாது, யாரும் வழி தவறிப் போய்விடுவதில்லை. ஊர்ப் பெயரில் அது இருந்தாலும் போனாலும் இடம் அதேதான். ஒப்புதல் வரியில் அது போனால் ஆளே மாறுகிறார்.

இப்போது முதல் சுற்று எடிட்டிங்கை மென்பொருள் செய்து கொடுக்கிறது. குறி இல்லாத இடத்தில் தானே ஒரு குறியைப் போட்டு வைக்கும். ஆனால் எத்தனை பேர் என்று அதற்கு மட்டும் எப்படித் தெரியும்? அதனால், அது செய்யும் அபாஸ்ட்ரஃபி மாற்றம் ஒவ்வொன்றும், திருத்தங்களைக் காட்டும் டிராக் சேஞ்சஸில் தெரிய வேண்டும், ஒப்புதல், ஆய்வு முறை ஆகிய இரண்டு பகுதிகளிலும் எல்லாவற்றையும் ஒரேயடியாக ஏற்கும் ‘அக்செப்ட் ஆல்’ கொடுக்கக் கூடாது என்று எங்கள் குழுவில் வைத்திருக்கிறோம். குவெரி எழுதும் விதத்தையும் மாற்றிவிட்டோம். ‘அபாஸ்ட்ரஃபி சரியா என்று பார்க்கவும்’ என்று கேட்டால் கட்டுரையாசிரியர் ‘ஓகே’ என்று ஒரு சொல் எழுதி அனுப்பிவிடுவார். எது ஓகே என்று நமக்கும் தெரியாது. ‘ஒப்புதல் தந்தவர் ஒருவரா, ஒருவருக்கு மேற்பட்டவரா? நோயாளிக்கு அவர் என்ன உறவு?’ என்று கேட்டால் பதில் எழுதியே ஆக வேண்டும். அந்தப் பதில் வந்த பிறகுதான் ஃபைல் க்யூசி என்ற தரச் சோதனைக்குப் போகும்.