கோன்ஃபிளவர் வாங்கப் போகிறவர்களுக்கு

சிகாகோ பக்கம் தோட்டம் போடுகிற நம்மவர்களே, இப்போது நர்சரிக்குள் நுழைந்தால் ஆரஞ்சு, மஞ்சள், தக்காளிச் சிவப்பு என்று கோன்ஃபிளவர் (நடுவில் கூம்பு எழும்பிய எக்கினேசியாப் பூச்செடி) தொட்டிகள் கண்ணைப் பறிக்கும். விலை பர்ஸைப் பறிக்கும்.

இந்த நிறமெல்லாம் 2000-க்குப் பிறகு வந்தவை. பர்பூரியா என்கிற பழைய ஊதா இனத்தோடு, ஓசார்க் மலைப்பக்கத்து மஞ்சள் இனமான பாரடாக்ஸாவைக் கலப்பினம் செய்து பார்த்ததில் பிறந்தவை பல. நம்ம சிகாகோ தாவரவியல் பூங்காவில் ஜிம் ஆல்ட் உருவாக்கிய ‘ஆரஞ்சு மெடோபிரைட்’ அந்த முதல் வரிசை.

அழகு சரி, ஆயுசு? இவை குளிரைக்கூடத் தாங்கிவிடும். குளிர்காலத்தில் வேரடியில் தேங்குகிற ஈரத்தைத்தான் தாங்காது. எங்கள் வீட்டுக் களிமண்ணில் மேடு கட்டித்தான் வைக்கிறேன். முதல் வருஷம் மொட்டுகளைக் கிள்ளிவிடுங்கள். மனசு வராதுதான், ஆனால் வேர் பிடிக்கும்.

இதழ்கள் பந்தாகத் திரண்ட பாம்பாம் மாதிரி அடுக்குப்பூ ரகங்கள் எனக்கு ஆகாது. தேனீ ஒரு சுற்று வந்துவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடுகிறது. டெலவேரில் மவுண்ட் கியூபா மையம் என்கிற தாவரவியல் பூங்கா 2018 முதல் 2020 வரை நடத்திய சோதனையிலும் ஒற்றை அடுக்குப் பூக்களைத்தான் பூச்சிகள் அதிகம் தேடின. அங்கே பேர் வாங்கிய ரகம் ‘பிகா பெல்லா’.

நடுக்கூம்பிலிருந்து பச்சையாக இலைக்கொத்து கிளம்பினால் புது ரகம் என்று போட்டோ எடுக்காதீர்கள்! அது ஆஸ்டர் யெல்லோஸ். தத்துப்பூச்சி பரப்பும் நோய், மருந்து கிடையாது. வேரோடு பிடுங்கிப் போடுங்கள்.

கலப்பின விதை தாயைப் போல முளைக்காது. பழைய ஊதாவின் விதை கைவசம் இருக்கிறது, கோல்ட்ஃபிஞ்ச் குருவி தின்றது போக மிச்சம். வேண்டுபவர்கள் இன்பாக்ஸுக்கு வாங்க.