மாந்தோப்பு, வௌவால், அப்புறம் இந்த ஸ்பைக்

கொரோனான்னு ஒரு வைரஸ் குடும்பம் இருக்குன்னு 2020க்கு முன்னாடியே தெரிஞ்சவங்கள்ல மாட்டு டாக்டருங்களும் உண்டு. காலேஜ்ல படிச்சதுதான், அப்புறம் கிருஷ்ணகிரி, தர்மபுரின்னு ரெண்டு மாவட்டத்துலயும் மாத்தி மாத்தி வேலை பார்த்ததுல நேர்லயும் பார்த்தாச்சு. பொறந்து ஒண்ணு ரெண்டு வாரமான கன்னுக்குட்டி மஞ்சளா தண்ணியா கழியும், கண்ணு குழிக்குள்ள போயிடும், கழுத்துத் தோலை கிள்ளி விட்டா மடிப்பு அப்படியே நிக்கும், இதுல கொஞ்சம் கேஸுக்கு காரணம் மாட்டுக் கொரோனா வைரஸ் (ரோட்டா வைரஸ், ஈ.கோலை பாக்டீரியா எல்லாம் கூட சேர்ந்துக்கும், மருந்தகத்துல உக்காந்து எது எதுன்னு பிரிச்சுப் பார்க்க வழியில்ல, உப்பு சர்க்கரை கரைசல், தேவைப்பட்டா டிரிப், அதுதான் வைத்தியம்). கோழி சமாச்சாரம் இன்னும் பழசு. பண்ணைக்காரங்க ஐபின்னு சொல்ற இன்ஃபெக்சியஸ் பிராங்கைட்டிஸ் 1931லயே அமெரிக்காவுல பதிவான நோய், கொரோனா குடும்பத்துல முதல்ல தெரிய வந்ததே அதுதான். முட்டைக்கோழி வளர்க்கற லேயர் பண்ணையில அது வந்துட்டுப் போனா முட்டை ஓடு சுருங்கி சொரசொரன்னு இருக்கும், உடைச்சு தட்டுல ஊத்தினா வெள்ளைக்கரு மஞ்சக்கருவைச் சுத்தி நிக்காம தண்ணி மாதிரி ஓடிடும்.

அதனால 2020 பிப்ரவரி, மார்ச்சுல "கோழிக்கறியில கொரோனா"ன்னு வாட்சப்ல கிளம்பினப்போ எங்க நிலைமை ரொம்ப தர்மசங்கடம். கோழிக்கு கொரோனா வராதுன்னு சொன்னா அது பொய், வரும்னு சொன்னா பண்ணைக்காரன் வயித்துல அடிச்ச மாதிரி. நாய்க்குட்டிக்குப் போடற தடுப்பூசி டப்பாவுல கொரோனான்னு அச்சடிச்சிருக்கறதை ஒருத்தர் போட்டோ எடுத்து "மருந்து ஏற்கனவே இருக்கு, மறைக்கறாங்க"ன்னு வேற சுத்த விட்டுட்டாரு. காரிமங்கலம் பக்கம் கான்ட்ராக்ட்ல பிராய்லர் வளர்க்கற தம்பி ஒருத்தன் அந்த போட்டோவை என் முகத்துக்கு நேரா நீட்டி, "டாக்டரம்மா, நாய்க்கு இருக்குது, கோழிக்கு இருக்குது, மாட்டுக்கு இருக்குது, அப்ப மனுசனுக்கு வர்றதும் இதே தானுங்களே?"ன்னான். கேள்வியில தப்பே இல்ல. அன்னிக்கு அவன்கிட்ட சொல்ல ஆரம்பிச்சதைத்தான் அப்புறம் பால் சொசைட்டியில, ஆடு வாங்க வந்தவங்ககிட்ட, சொந்தக்காரங்க கல்யாணத்துலன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லிட்டு இருக்கேன்.

விஷயம் இவ்வளவுதான். வைரஸ் தானா எதுவும் செய்ய முடியாது, ஏதாவது ஒரு செல்லுக்குள்ள போனாத்தான் பெருகும். கொரோனா வைரஸ் மேல முள்ளு முள்ளா நீட்டிட்டு இருக்கறது ஸ்பைக் புரதம். அதோட நுனி செல்லுக்கு வெளிய இருக்கற ஏதோ ஒரு பொருளைப் பிடிக்கணும், அதுக்குப் பேர் ரிசப்டர். அந்த ரிசப்டர் வைரஸுக்காக வச்சதில்ல, உடம்பு தன் வேலைக்கு வச்சிருக்கறது. சார்ஸும் கோவிட் வைரஸும் பிடிக்கற ஏசிஇ2 ரத்த அழுத்தத்தை சீரா வைக்கற வேலையில இருக்கற என்சைம். அரபு நாடுகள்ல வந்த மெர்ஸ்ங்கற கொரோனா பிடிக்கறது டிபிபி4ங்கற இன்னொரு என்சைம். நாய், பூனை, பன்னியோட சில கொரோனாக்களும், மனுசனுக்கு சாதா சளி குடுக்கற 229ஈங்கற கொரோனாவும் பிடிக்கறது அமினோபெப்டிடேஸ் என்ங்கற என்சைம். மாட்டுக் கொரோனா செல் மேல இருக்கற ஒரு வகை சர்க்கரையைப் பிடிக்குது. பேரு ஒண்ணு, குடும்பம் ஒண்ணு, நுழையற வாசல் வேற வேற. கோழியோட ஐபி வைரஸ் கோழி செல்லுக்குப் பழகினது, அது மனுசனைத் தொத்தினதுக்கு ஆதாரம் கிடையாது. கோவிட் வைரஸுக்கோ கோழி ஒத்து வரல, சீனாவுல ஹார்பின்ல 2020லயே கோழி, வாத்து, பன்னி, நாய், பூனை, கீரி மாதிரி இருக்கற ஃபெர்ரட் எல்லாத்துக்கும் வைரஸைக் குடுத்துப் பார்த்தாங்க, பூனையிலயும் ஃபெர்ரட்லயும் நல்லா பெருகிச்சு, கோழியிலயும் வாத்துலயும் ஒண்ணும் ஆகல.

தம்பி கேட்டுட்டு, "அப்ப இதை எழுதி கையெழுத்து போட்டு குடுங்க, கறிக்கடையில ஒட்டறேன்"ன்னான். அதெல்லாம் எழுதிக் குடுக்க எனக்கு அதிகாரம் இல்லப்பான்னேன். அந்த பேட்ச்ல அவனுக்கு என்ன கிடைச்சுதுன்னு நான் கேக்கல, கேக்கற மாதிரி முகம் இல்ல அவனுக்கு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச சங்கதி பன்னிதான். பன்னியோட ஏசிஇ2வை ஆய்வகத்துல ஒரு செல் மேல வச்சுப் பார்த்தா கோவிட் வைரஸ் உள்ள போயிடுது. ஆனா உசிரோட இருக்கற பன்னிக்கு மூக்குல ஊத்தினா கிட்டத்தட்ட பெருகவே மாட்டேங்குது. அப்ப ரிசப்டரைப் பிடிச்சா மட்டும் பத்தாது. இந்த இடம்தான் பேப்பர் டிவியில எல்லாம் வராம போயிடுது, அங்க எப்பவும் "ஒட்டுது, அதனால ஆபத்து"ங்கறதோட முடிச்சுடறாங்க.

ஒட்டினதுக்கு அப்புறம் ஸ்பைக்கை யாராவது வெட்டணும். ஸ்பைக்ல ரெண்டு பாகம், முன்பாகம் பிடிக்கறதுக்கு, பின்பாகம் வைரஸோட தோலையும் செல்லோட தோலையும் ஒண்ணா இணைக்கறதுக்கு. பின்பாகம் எலிப்பொறி கம்பி மாதிரி இழுத்து மாட்டி வச்ச நிலையிலதான் இருக்கும், சரியான இடத்துல வெட்டு விழுந்தாத்தான் விடுபட்டுப் பாயும். அந்த வெட்டுக் கத்தி வைரஸ்கிட்ட இல்ல, அதுவும் நம்ம உடம்போடதுதான், புரதத்தை வெட்டற என்சைம்கள், செல் மேல இருக்கற டிஎம்பிஆர்எஸ்எஸ்2, செல்லுக்குள்ள பையில இருக்கற கேத்தெப்சின், வைரஸ் உருவாகி வெளிய வர்ற வழியிலயே வெட்டிடற ஃபியூரின். கோவிட் வைரஸ்ல ஃபியூரின் வெட்டறதுக்கு ஏத்த ஒரு சின்ன துண்டு இருக்கு, அதுக்கு நெருங்கின சொந்தமான வௌவால் வைரஸ்கள்ல அது இல்ல. லாவோஸ்ல கிடைச்ச பனால்-52ங்கற வௌவால் வைரஸ் மொத்தத்துல 96.8 சதவீதம் ஒத்துப் போகுது, ஏசிஇ2வைப் பிடிக்கற பகுதி கிட்டத்தட்ட அச்சு அசலா அதேதான், ஆனா ஃபியூரின் துண்டு மட்டும் காணோம். எச்கேயூ4ன்னு இன்னொரு வௌவால் வைரஸ், மெர்ஸுக்கு சொந்தம், மனுச டிபிபி4ஐ பிடிக்கத் தெரியும், ஆனா நம்ம கத்தி அதோட ஸ்பைக்கை வெட்டாது. ஆய்வகத்துல அதோட ஸ்பைக்ல ரெண்டே இடத்தை மாத்தினதும் வெட்டு விழுந்து உள்ள போயிடுச்சு. ரெண்டு இடம்தானான்னு பயமும் வருது, அந்த ரெண்டும் இல்லாம இத்தனை காலம் வெளியவே நிக்குதேன்னு நிம்மதியும் வருது, எது பெருசுன்னு கேட்டா எனக்கு நாளுக்கு நாள் மாறும்.

சரி, வௌவால் கதைக்கு வர்றேன். சந்தூர், போச்சம்பள்ளி பக்கம் வேலை பார்த்தா மாம்பழ சீசன்ல வௌவாலைத் தவிர்க்கவே முடியாது. பெங்களூரா மாங்காய் கூழ் ஃபேக்டரிக்குப் போற நேரம், ராத்திரியில பழந்தின்னி வௌவால் தோப்புல இறங்கும். காலையில போய்ப் பார்த்தா மரத்தடியில பாதி கடிச்ச பழம், பக்கத்துல சக்கை சக்கையா துப்பினது கிடக்கும், அது சாறை மட்டும் உறிஞ்சிட்டு நாரைத் துப்பிடும், எடுத்துப் பார்த்தா மேல்வாய் அழுத்தின பள்ளம் கூட தெரியும் (கையுறை போட்டுட்டுத்தான் எடுப்பேன்). 2020 ஏப்ரல்ல ஐசிஎம்ஆர் ஆளுங்க ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, நம்ம நாட்டு பழந்தின்னி வௌவால்கள்ல 25க்கு கொரோனா வைரஸ் இருந்துச்சு, அதுல தமிழ்நாடும் உண்டுன்னு. அவ்வளவுதான், அடுத்த நாளே ஒரு பெரியவர் மருந்தகத்துக்கு வந்துட்டாரு. ஏரிக்கரை ஆலமரத்துல கூட்டமா தொங்குது, மரத்தை வெட்ட டாக்டரம்மா ஒரு லெட்டர் குடுக்கணுமாம்.

ஆய்வுல இருந்தது வேற. வைரஸோட ஒரு துண்டு மரபணு கிடைச்சிருக்குங்கறது ஒண்ணு, அந்த வைரஸோட ஸ்பைக் மனுச செல்லைப் பிடிக்குமாங்கறது இன்னொண்ணு, அது அந்த டெஸ்ட்ல தெரியவே தெரியாது. சார்ஸ், கோவிட் வகை வைரஸ்களுக்கு வீடு குதிரைலாட மூக்கு வௌவால், பூச்சி தின்னறது, சின்னது, குகையில இருக்கறது. மாந்தோப்புக்கு வர்றது நாய் முகம் வச்ச பெரிய பழந்தின்னி. ரெண்டும் வௌவால்னு ஒரே பேர்ல கூப்பிடறோம், ஆனா ஆட்டுக்கும் மாட்டுக்கும் இருக்கற சொந்தத்தை விட தூரம். இதையெல்லாம் பெரியவர்கிட்ட சொன்னா, "அப்ப இது நல்ல வௌவாலுங்களா?"ன்னாரு. நல்லது கெட்டது இல்லீங்க ஐயா, மரத்தை வெட்டினா அது சாகாது, கலைஞ்சு வேற வேற மரத்துக்குப் போகும், இப்ப ஒரு இடத்துல இருக்கறது பத்து இடத்துல இருக்கும், உங்க வீட்டுப் புளியமரத்துலயும் இருக்கும்னேன். புளியமரம்னதும் யோசிச்சாரு. லெட்டர் கேக்கல.

வௌவால்லேர்ந்து மனுசனுக்கு வைரஸ் தாண்டறது எப்படி நடக்குதுன்னு பார்த்தா, பெரும்பாலும் நடுவுல ஒரு மிருகம் இருக்கு, அந்த மிருகத்தை மனுசன் தானா கொண்டு வந்து பக்கத்துல வச்சிருப்பான். 2002 கடைசியில சீனாவுல குவாங்டாங்ல சார்ஸ் கிளம்பினப்போ சந்தையில கூண்டுல இருந்தது புனுகுப்பூனை, இறைச்சிக்காக. புனுகுப்பூனையில இருந்த வைரஸ் மனுச ஏசிஇ2வை சுமாராத்தான் பிடிச்சுது, ஸ்பைக்ல ரெண்டு முக்கியமான இடம் மாறினதும் கெட்டியா பிடிக்க ஆரம்பிச்சது, 774 பேர் செத்தாங்க. நடு மிருகம் கட்டாயம்னும் இல்ல, 2013ல வௌவால்லேர்ந்து நேரா எடுத்து வளர்த்த டபிள்யூஐவி1ங்கற வைரஸ் எந்த மாத்தமும் இல்லாமலே வௌவால், புனுகுப்பூனை, மனுசன்னு மூணு ஏசிஇ2விலயும் உள்ள போச்சு. மெர்ஸுக்கு ஒட்டகம். 2016 கடைசியில அதே குவாங்டாங்ல பன்னிப் பண்ணையில வௌவால் கொரோனா ஒண்ணு புகுந்து 24 ஆயிரத்துக்கு மேல குட்டிங்க கழிஞ்சே செத்துச்சு, அந்த வைரஸ் ஏசிஇ2, டிபிபி4, அமினோபெப்டிடேஸ் மூணையும் தேடல. நம்ம பசு மட்டும் என்ன, மனுசனுக்கு சளி குடுக்கற ஓசி43ங்கற கொரோனா மாட்டுக் கொரோனாவிலேர்ந்து 1890 வாக்குல பிரிஞ்சிருக்கணும்னு மரபணுவை வச்சு கணக்குப் போட்டிருக்காங்க. கழியற கன்னுக்குட்டி வாலைத் தூக்கிப் பிடிச்சுட்டு நிக்கறப்போ இது ஞாபகத்துக்கு வந்து தொலைக்கும்.

எதிர்ப்பக்கமும் போகும், மனுசன்கிட்டேர்ந்து மிருகத்துக்கு. 2021 ஜூன்ல வண்டலூர் பூங்காவுல சிங்கங்களுக்கு கோவிட் வந்துச்சே, போபால் லேப்ல பார்த்து டெல்டான்னு சொன்னாங்க, அப்போ தமிழ்நாட்டு வெட்னரி குரூப் எல்லாத்துலயும் அதே பேச்சுதான். பூனைக் குடும்பத்து ஏசிஇ2 இந்த வைரஸுக்கு நல்லா ஒத்துப் போகும்னு ஹார்பின் ஆய்வுலயே குறிப்பு இருந்துச்சு. அதுக்கு முந்தின வருசமே டென்மார்க்ல, ரோமத்துக்காக மிங்க்ங்கற கீரி மாதிரி மிருகத்தை வளர்க்கற பண்ணையில மனுசன்கிட்டேர்ந்து போய், மிங்க்ல மாறி, திரும்ப மனுசனுக்கு வந்து, நாட்டுல இருந்த மிங்க் எல்லாத்தையும் அழிக்க உத்தரவு போட்டாங்க.

2022 ஜனவரியில நியோகோவ்னு ஒரு பீதி, "மூணுல ஒருத்தர் சாவாங்க"ன்னு. அது ஆப்பிரிக்க வௌவால் வைரஸ், சில வௌவால்களோட ஏசிஇ2வை நல்லா பிடிக்கும், மனுசனோடதை சரியா பிடிக்காது. மெர்ஸோட சாவுக் கணக்கை எடுத்து இதுக்கு ஒட்டிட்டாங்க. அந்த வாரம் எனக்கு வந்த ஃபார்வர்டை எல்லாம் திறக்கவே இல்ல.

என் கைக்கு எட்டறது ஸ்பைக் இல்ல, ரிசப்டரும் இல்ல. எந்த மிருகத்தை எந்த மிருகத்துக்குப் பக்கத்துல கட்டறாங்கங்கறது மட்டும்தான். இதுக்கு நான் எப்பவும் சொல்ற உதாரணம் கொரோனா கூட இல்ல, பழந்தின்னி வௌவால்கிட்ட இருக்கற நிபாங்கற வேற வைரஸ். மலேசியாவுல 1998ல பன்னிக் கொட்டகையை ஒட்டி மாமரம் வச்சிருந்தாங்க, பழந்தின்னி தின்னு போட்ட பழம் உள்ள விழுந்துச்சு, பன்னி தின்னுச்சு, பன்னியிலேர்ந்து ஆளுங்களுக்கு வந்து நூத்துக்கு மேல செத்தாங்க. மாம்பழ ஜில்லாவுல உக்காந்துட்டு இதைப் படிச்சா எப்படி இருக்கும்.

போன சீசன்ல ஒரு பையன், பிஇ படிச்சவன், ஓசூர்ல கம்பெனி வேலையை விட்டுட்டு வெண்பன்றி பண்ணை போடறேன்னு வந்தான். இடம் காட்டினான், தாத்தா வச்ச தோப்பு, நடுவுல ஜில்லுன்னு நிழல். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. மேல சொன்ன அத்தனையும் நின்ன இடத்துலயே சொல்லி முடிச்சேன், ரிசப்டர், வெட்டு, மலேசியா எல்லாம். தலையாட்டிட்டே கேட்டான். வெளிய வெட்டவெளியில போடு, நிழலுக்கு வலை கட்டு, தோப்புல கீழ விழுந்த பழத்தைக் கூட்டி பன்னிக்குப் போடாத, குழியில தள்ளி மூடுன்னேன். சரிங்க மேடம், சரிங்க மேடம்னான்.

ரெண்டு மாசம் கழிச்சு தடுப்பூசிக்குக் கூப்பிட்டான், போனா கொட்டகை தோப்பை விட்டு நல்லா தள்ளி, களத்து மேட்டுல நிக்குது. பரவாயில்ல தம்பி, சொன்னதைக் கேட்டுட்டியேன்னேன்.

"அதுக்கில்லீங்க மேடம், தோப்புல போட்டா காத்துல கிளை ஒடிஞ்சு விழுந்து சிமெண்ட் ஷீட் போயிடும்னு அப்பா ஒத்துக்கல"ன்னான்.