அக்கிலிஸ் வலியோடு ஓடலாமா? நான் மீண்டு வந்த விதம்

குதிகாலுக்கு மேலே, கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாணில் வலிக்கிறது என்று ஓடுகிறவர்களிடம் சொன்னால் இரண்டு விதமான பதில் வரும். "ஓட்டத்தை மூட்டை கட்டி வை, வலி போனதும் பார்க்கலாம்" என்பார் ஒருவர். "பல்லைக் கடித்துக்கொண்டு ஓடு, தானாகச் சரியாகும்" என்பார் இன்னொருவர். நான் ஓட்டத்தை முழுதாக விடவில்லை, பழையபடி ஓடவும் இல்லை. மாதக்கணக்கில் ஆனது, ஆனால் மீண்டுவிட்டேன். அதே இடத்தில் வலியோடு "ஓடலாமா, வேண்டாமா" என்று தவித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எனக்கு வலி இருந்தது குதிகால் எலும்புக்கு இரண்டு மூன்று விரல் அகலம் மேலே. விரல்களுக்கு நடுவே தசைநாணைப் பிடித்துப் பார்த்தால், மற்றக் காலைவிடத் தடித்திருப்பது தெரிந்தது. காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் கணுக்கால் மரக்கட்டை போல மடங்காது. ஓடத் தொடங்கினால் கொஞ்ச தூரம் வலிக்கும், உடம்பு சூடேறியதும் காணாமல் போகும். இந்தக் காணாமல் போவதை நம்பக் கூடாது. உண்மை நிலவரம் மறுநாள் காலையில்தான் தெரியும்.

முதலில் இது கிழிசல் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது. பிசியோதெரபிஸ்ட் என்னைக் குப்புறப் படுக்கவைத்து, பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்கும்படி விட்டு, கெண்டைக்கால் தசையைக் கையால் அழுத்தினார். பாதம் தானாகக் கீழ்நோக்கி அசைந்தது. அசையவில்லை என்றால் நாண் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். பின்னாலிருந்து யாரோ உதைத்தது போன்ற திடீர் வலி, 'பட்' என்ற சத்தம், அப்புறம் அந்தக் காலின் நுனியில் எக்கி நிற்க முடியாமை, இவை இருந்தால் ஓட்டம் பற்றிய யோசனையே வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள். அண்மையில் ஆன்டிபயாடிக் எடுத்தீர்களா என்றும் பிசியோதெரபிஸ்ட் கேட்டார். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் தசைநாணைப் பாதிக்கலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008-இல் இதற்காகவே கடும் எச்சரிக்கை கொடுத்திருக்கிறது.

எனக்கு ஓடும் தைரியம் கொடுத்தது 2007-இல் ஸ்வீடனிலிருந்து வந்த ஓர் ஆய்வு. இதே பிரச்சினை உள்ள 38 பேரை இரண்டாகப் பிரித்து, இரு தரப்புக்கும் ஒரே பயிற்சிகளைக் கொடுத்தார்கள். ஒரு தரப்பு முதல் 6 வாரம் ஓட்டம், குதித்தல் எல்லாவற்றையும் நிறுத்தியது. மற்றத் தரப்பு வலியைக் கவனித்தபடி தொடர்ந்தது. இரு தரப்பும் தேறினார்கள், பெரிய வித்தியாசம் இல்லை. வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண். ஓடும்போதும் ஓடி முடித்த பிறகும் 5 வரை போகலாம், ஆனால் மறுநாள் காலைக்குள் அடங்க வேண்டும், வாரத்துக்கு வாரம் வலியும் விறைப்பும் கூடக் கூடாது.

5 என்பது எனக்கு அதிகமாகப் பட்டது. 4 வந்தாலே லேசாக நொண்ட ஆரம்பிக்கிறேன், நொண்டினால் இடுப்பும் மற்ற முழங்காலும் சேர்ந்து கெடும். அதனால் என் வரம்பு 3. தினமும் எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு, வலிக்கும் காலில் மட்டும் எக்கி நின்று, அப்போதைய வலியை நோட்டில் எழுதுவேன். முந்தைய நாளைவிட எண் கூடியிருந்தால் அன்று ஓட்டம் கிடையாது. என்ன ஆசை இருந்தாலும் சரி, கிடையாது.

ஓட்டத்தையே வேறு மாதிரி அமைத்துக்கொண்டேன். சமதளம் மட்டும். கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை, மறுபடி ஓட்டம். அடிகளைச் சிறிதாக, சீக்கிரம் சீக்கிரமாக வைத்தேன். ஓடிய மறுநாள் கட்டாயம் இடைவெளி, ஏனென்றால் கடுமையான உழைப்புக்குப் பிறகு முதல் ஒன்றரை நாள் அளவில் நாணுக்கு வலு தரும் புரதமான கொலாஜன் சிதைவதுதான் அதிகம், கட்டுமானம் அப்புறம்தான் முந்துகிறது. அந்த நாட்களில் சைக்கிள் ஓட்டினேன். தூரத்தைவிட வேகம்தான் நாணை அதிகம் படுத்துகிறது என்பதை நோட்டே காட்டிக் கொடுத்தது. அதே தூரத்தைச் சற்று விரட்டி ஓடிப் பார்த்த வாரம் காலை எண்கள் ஏறின, வேகத்தைக் குறைத்ததும் இறங்கின.

ஆனால் என்னைத் தேற்றியது ஓட்டம் இல்லை, படிக்கட்டுதான். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, இரண்டு காலாலும் எக்கி, வலிக்கும் காலில் மட்டும் எடையைப் போட்டு மெதுவாகக் குதிகாலைக் கீழே இறக்குவது. முழங்காலை நீட்டி 15 தடவை வீதம் 3 சுற்று, மடக்கி 3 சுற்று. காலையும் மாலையும், 12 வாரம். ஸ்வீடன் எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998-இல் வெளியிட்ட முறை இது. மடக்கிச் செய்வதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து விடாதீர்கள். கெண்டைக்காலின் உள்ளடுக்குத் தசைக்கு வேலை கிடைப்பது அப்போதுதான், ஓட்டத்தில் பெரும் சுமை தாங்குவதும் அதுவே. பழகிய பிறகு முதுகுப்பையில் புத்தகங்களை அடுக்கி எடை கூட்டினேன். வெறும் ஓய்வில் வலி குறையும், ஆனால் நாணுக்கு வலு கூடாது. திரும்ப ஓடப் போனால் அதே இடம் மறுபடி முரண்டு பிடிக்கும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வலி குதிகால் எலும்பில் நாண் ஒட்டும் இடத்திலேயே இருந்தால், குதிகாலைப் படிக்குக் கீழே இறக்காதீர்கள். அங்கே நாண் எலும்போடு அழுந்தி வலி கூடும். சமதரையில் எக்கி இறங்குவதே போதும். கெண்டைக்காலை இழுத்து நீட்டும் பயிற்சிகளையும் தள்ளி வையுங்கள். ஷூவுக்குள் குதிகால் பக்கம் சிறு மெத்தை வைத்து உயர்த்துவது பலருக்கு உதவுகிறது.

இப்போது நடை கலக்காமல் ஓடுகிறேன். வேக ஓட்டத்தைக் கடைசியாகத்தான் சேர்த்தேன். மேட்டுப் பாதையை இன்னும் சேர்க்கவில்லை, மேடு ஏறும்போது கணுக்கால் அதிகம் மடங்கி நாண் கூடுதலாக இழுபடும். தொட்டால் அந்தத் தடிப்பு இன்னும் இருக்கிறது. வலி போன பிறகும் தடிப்பு நெடுநாள் தங்கலாம் என்று பிசியோ சொல்லிவிட்டதால் அதை எண்ணிப் பயப்படுவதில்லை. புத்தகப் பையோடு படிக்கட்டுப் பயிற்சி மட்டும் வாரத்தில் சில நாட்கள் தொடர்கிறது.